பத்து நிமிஷ வேலை

இன்று என் வீட்டில் நாற்காலியின் கால் ஆடினால், அதற்கடியில் மடித்த செய்தித்தாளைச் செருகுவதோடு என் தொழில்நுட்பம் தீர்ந்துவிடும். அதற்கு மேலே என்றால் ஆள் கூப்பிட வேண்டும். வருகிற ஆள், "திருப்புளி ஒண்ணு இருக்குங்களா மேடம்?" என்று கேட்பான். இருக்கிறது. ஆனால் இல்லை என்று கூசாமல் பொய் சொல்லிவிடுவேன்.

பத்து வயதில் நிலைமை வேறு. அப்போது குன்னூருக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் என்னைவிடப் பெரிய மெக்கானிக் கிடையாது என்பது என் அபிப்பிராயம். என் அப்பா அந்த எஸ்டேட்டின் தேயிலை பாக்டரியில் பதினைந்து வருடமாக பிட்டர். அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தேயிலைக்கு விலை விழுந்திருந்த காலம் அது. ஆறு நாள் ஓடிய பாக்டரி மூன்று நாள் ஓடியது, பிறகு ஒரு நாள், பிறகு "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். சொல்லியும் அனுப்பவில்லை. பறித்த இலையை வாங்க ஆளில்லாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். எங்களுக்குச் சறுக்கி விளையாட நல்ல மேடு கிடைத்தது. பாக்டரியின் காலைச் சங்கு ஊதாததால் பள்ளிக்குத் தாமதமாகப் போக ஒரு நியாயமான காரணமும் கிடைத்தது. மொத்தத்தில் தேயிலை வீழ்ச்சியால் நீலகிரியில் லாபம் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

அந்த லாபங்களில் பெரியது துப்பாக்கி.

பங்களாவிலிருந்த சின்னத்துரை, அதாவது எஸ்டேட்டின் உதவி மேனேஜர், வேறு வேலை கிடைத்துக் கிளம்பினார். சாமான்களை ஒழித்தபோது ஒரு பழைய ஏர் கன்னை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். துப்பாக்கியாக அல்ல, யாரோ எப்போதோ கழற்றிப் போட்டு மறந்த நிலையில், ஒரு தேயிலைப் பெட்டி நிறைய. மரக்கட்டை தனி, குழல் தனி, ஸ்பிரிங் தனி, திருகாணிகள் ஒரு மாத்திரை டப்பாவில். கூடவே ஒரு சிறிய தகர டப்பாவில் ரவைகள்.

"இதைப் பூட்டிக் குடுத்தா என்ன பண்ணுவே அம்மணி?" என்று அப்பா கேட்டார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மாரியம்மன் நோம்பில பலூன் கடை போடுவேனுங்கப்பா."

திட்டம் முழுசாகத் தயாராக இருந்தது. கோயில் திடலில் பலகை, பலகையில் பலூன்கள், சுடுகிறவர்கள் வரிசை. முதலாளி நான். துப்பாக்கி கெட்டால் சரிசெய்ய அப்பாவை வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னேன். அவர் எழுந்து நின்று, "ரொம்ப சந்தோசமுங்க மொதலாளி," என்று கும்பிட்டார்.

"குருவி, காக்காயைச் சுடக்கூடாது. பலூன் மட்டுந்தான். சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பப் பூட்டிக் குடுத்தர்றேன்."

இந்த வாக்கு அம்மாவுக்கு முன்னாலேயே நடந்தது. அப்போது மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் ஒரு புது பனியனைப் போட்டுக்கொண்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே அதைக் காட்டுவதற்காகச் சட்டைப் பொத்தானைத் திறந்து வைத்திருப்பார். அவர் கம்பெனியில் துணி பின்னும் மிஷின்களுக்கு பிட்டர் வேண்டுமாம். மச்சானை, அதாவது அப்பாவை, உடனே அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"இந்தப் புள்ளைக்கு இதை முடிச்சுக் குடுத்துட்டு வந்தர்றேன் மாப்ள," என்றார் அப்பா. "வாக்குக் குடுத்துட்டனல்லொ."

"அடுத்த ஞாயித்துக்கெழம வர்றனுங்க மச்சான். அன்னிக்குள்ள முடிச்சுருங்க. அதுக்கு மேல அந்த எடத்தப் புடிச்சு வெக்க முடியாதுங்க."

எனக்கு இதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. திருப்பூர் என்பது பனியன் காய்க்கிற ஊர். அப்பா அங்கே போவார், சந்தைக்குப் போவது போல; வரும்போது பலூன் வாங்கிவருவார். துப்பாக்கி எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் பலூன் வரும்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாக்டரியில் இலை நசுக்கும் ரோலரைத் திறப்பதற்கு முன்னால் கோணிச்சாக்கை விரித்து, வேண்டிய கருவிகள் எல்லாவற்றையும் பொறுக்கி வரிசையாக அடுக்குவார். எண்ணுவார். அதன் பிறகுதான் மிஷினில் கைவைப்பது. வேலை முடிந்து மூடும்போதும் எண்ணுவார். ஒரு சின்ன ஸ்பேனர் உள்ளே விழுந்து கிடந்தால் ரோலரின் பல் மொத்தமும் போய்விடும். அவர் பையில் பதினேழு கருவிகள். எல்லாவற்றின் கைப்பிடியிலும் நீலப் பெயிண்டில் ஒரு வளையம். எங்கள் வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட். திறக்கும்போது பதினேழு, மூடும்போது பதினேழு. அந்த பாக்டரியில் எல்லோரும் எதையாவது தொலைத்திருக்கிறார்கள். அப்பா மட்டும் ஒன்றையும் தொலைத்ததில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வாசலில் சாக்கு விரிந்தது. நான் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அப்பா திருப்புளிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருகாணியின் வெட்டில் வைத்துப் பார்த்தார்.

"இது அகலம். இது மொட்டை. வெட்டுக்குச் சரியா உக்காரோணும் அம்மணி. இல்லீன்னா திருகாணி தலையைத் தின்னு போடும்."

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் நுனி ஒரு மயிரிழை தடிப்பு. அரத்தை என் கையில் கொடுத்து, நுனியைத் தேய்க்கச் சொன்னார். நான் நாக்கைத் துருத்திக்கொண்டு தேய்த்தேன். நேராகத் தேய்த்தேன் என்று நான் இன்றும் சொல்வேன். திருப்புளி வேறு மாதிரி சொல்கிறது. இருட்டியது. "நாளைக்குப் பாப்போம்," என்று பதினேழையும் எண்ணிப் பைக்குள் போட்டார்.

செவ்வாய்க்கிழமை, ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ள வைஸ் வேண்டும் என்றார். வைஸ் பூட்டின பாக்டரிக்குள் இருக்கிறது. அதனால் சில்வர் ஓக் கட்டை ஒன்றை எடுத்து, குழலுக்குத் தோதாகப் பள்ளம் செதுக்க ஆரம்பித்தார். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்து வீட்டுக் கோழி வந்து மரச்சீவலில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போனது.

புதன்கிழமை பனிமூட்டம். "மூட்டத்துல ஸ்பிரிங்கைத் தொட்டா துருப்புடிச்சுக்கும்," என்றார். நீலகிரியில் மூட்டத்தைக் காரணமாகச் சொல்கிறவனுக்கு வருடம் முழுக்க வேலை இருக்காது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கை கட்டி உட்கார்ந்து மூட்டத்தைத் திட்டினேன்.

துப்பாக்கிக்கென்று அடுக்கிவைத்த கருவிகள் சும்மா இருந்தனவா என்றால், அதுதான் இல்லை. வீட்டில் துப்பாக்கியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பழுதுபார்த்தன. தகரக் கூரையில் மூன்று வருடமாக ஒழுகிய இடம் அடைபட்டது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கழற்றிப் பூட்டினார். என் குடையின் உடைந்த கம்பிக்குக் கட்டுப் போட்டார். கதவின் மேல்தாழ்ப்பாளைப் பிடுங்கி, அம்மாவுக்கும் எனக்கும் எட்டுகிற உயரத்தில் இறக்கி அடித்தார்.

"நீங்க குனியோணுமேங்கப்பா," என்றேன்.

"பரவால்ல அம்மணி. குனிஞ்சுக்கலாம்."

அம்மா அடுப்படி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் கூரையைப் பற்றிச் சொல்ல அவளிடம் நிறைய இருக்கும்.

எனக்கோ மானம் போய்க்கொண்டிருந்தது. துப்பாக்கி வருகிறது என்று பள்ளியில் அறிவித்தாகிவிட்டது. இடைவேளைக்கு இடைவேளை, "எங்கடி துப்பாக்கி?" என்று கேட்டார்கள். "இன்னும் டூல்ஸ் எடுத்து வெச்சிட்டிருக்காரு," என்று நான்கு நாள் ஒரே பதிலைச் சொன்னால் யார் நம்புவார்கள்? "உங்கப்பா பிட்டரா, இல்ல டூல்ஸ் விக்கிறவரா?" என்றாள் ஒருத்தி. என் அப்பா கெட்டவர் இல்லை, வேலைதான் வரவில்லை போலிருக்கிறது, அதனால்தான் பாக்டரியை மூடிவிட்டார்களோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமை அவர் எண்ணெயில் வந்து நின்றார். தேங்காய் எண்ணெய் இந்தக் குளிருக்கு உறைந்துபோகுமாம். தையல் மிஷின் எண்ணெய்தான் வேண்டுமாம். ஊட்டி பெர்ன்ஹில்லில் இருக்கும் என் பெரியம்மாவிடம் தையல் மிஷின் உண்டு. அம்மாவுக்கும் தன் அக்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அம்மாவும் ஊட்டிக்குக் கிளம்பினோம்.

பெரியம்மா வீட்டில் என்னைப் பூச்செடி பார்க்க வெளியே அனுப்பிவிட்டு இருவரும் உள்ளே பேசினார்கள். அம்மா எண்ணெய்ப் புட்டியோடு வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே நடந்தாள். ஊட்டிக் குளிர் எங்கள் குன்னூர்க்காரர்களுக்கு ஒத்துவராது என்று நான் அவளுக்கு விளக்கினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் ஏரி ரோட்டில் ஒரு பலூன் கடை. பலகை, பலூன்கள், வரிசை, எல்லாம் என் திட்டப்படியே இருந்தது. நான் தொழில்முறையில் பார்வையிட நின்றேன். அம்மா சற்றுத் தள்ளி வர்க்கி வாங்கிக்கொண்டிருந்தாள். அப்போது கடைக்காரருடைய துப்பாக்கி மக்கர் செய்தது. அவர் அதை மடியில் வைத்து, பாக்கெட்டிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து, ஒரு கட்டையில் முட்டுக்கொடுத்து மளமளவென்று கழற்றினார். ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார், துடைத்தார், போட்டார், பூட்டினார். வரிசையில் நின்றவர்கள் ஒருவர்கூடக் கலையவில்லை.

நான் வரிசையைத் தாண்டி முன்னால் போனேன். "அண்ணா, சாக்கு விரிக்க மாட்டீங்களா?"

"எதுக்குப் பாப்பா?"

"டூல்ஸ் எடுத்து வெக்கறதுக்கு."

"இதுக்கு எதுக்கு டூல்ஸு? ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கட்டை, ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிஷ வேலை."

"மூட்டம் இருந்தா?"

அவர் மேலே பார்த்தார். ஏரி தெரியாத அளவுக்கு மூட்டம். "இது என்னவாம்?" என்றார்.

பஸ்ஸில் அம்மாவிடம் ஒப்பித்துவிட்டேன். அம்மா வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இதை அப்பாகிட்டச் சொல்ல வேண்டாம் அம்மணி."

"ஏனுங்கம்மா?"

"சொல்லாதேன்னா சொல்லாதே. இந்தா, வர்க்கி தின்னு."

எனக்குப் புரிந்துவிட்டது. தன் வீட்டுக்காரருக்கு வேலை தெரியாது என்பது வெளியே வந்தால் அவளுக்குத்தானே அவமானம். வர்க்கிக்கு ஒத்துக்கொண்டேன். வெலிங்டன் வருவதற்குள் நான்கு வர்க்கி தின்றிருந்தேன். லஞ்சம் வாங்கினால் அதற்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற நேர்மை அன்றே என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் மாமா உட்கார்ந்திருக்கிறார். புது பனியன், திறந்த பொத்தான். பழைய பனியனைத் துவைத்து வாசல் கொடியில் காயப்போட்டிருந்தார். மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் அவர் திரும்ப வேண்டும். அப்பா சாக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது துப்பாக்கிக்கு வேண்டிய ஸ்பேனரே அல்ல.

"இன்னும் ஒரு நாலு நாள் ஆகும் போலிருக்குது மாப்ள," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எண்ணெய் ஊறோணும். ஸ்பிரிங்கு வேற பழசு."

"நாலு நாளுங்களா? மச்சான், அவங்க வேற ஆளைப் போட்டுருவாங்கங்க."

"போட்டா என்ன பண்றது? வாக்குன்னு ஒண்ணு இருக்குதல்லொ."

வாய் நிறைய வர்க்கியோடு நான் சொன்னேன்: "பத்து நிமிஷ வேலையாமுங்கப்பா."

அம்மா "அம்மணி!" என்றாள். காலம் கடந்துவிட்டது. பலூன்காரரை நான் நடித்தே காட்டினேன். மடி, திருப்புளி, கட்டை, ஒரு சொட்டு எண்ணெய். மூட்டத்தையும் விடவில்லை.

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "பத்து நிமிசமா! பத்து நிமிச வேலைக்கா மச்சான் ஒரு வாரமா சாக்கு விரிச்சு உக்காந்திருக்கீங்க? திருப்பூர்ல இதைச் சொல்லீராதீங்க!"

அப்பாவும் சிரித்தார். மாமாவைப் பார்த்துச் சிரித்தவர், அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். பிறகு அவர் என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று ஒரு காலைப் பின்னால் வைத்துத் தயாராக நின்றேன்.

"பலூன்காரரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றார். "முடிச்சரலாமா மொதலாளி?"

"முடிச்சரலாமுங்க."

"கடியாரத்தைப் பாத்துக்கோ."

நான் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றேன். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. கைகள் மட்டும் போய் வந்தன. எதையும் தேடவில்லை. ஒரு தடவைகூட எடுத்ததை மாற்றவில்லை. ஸ்பிரிங் அவர் சொன்னபடி அடங்கியது. நான் தேய்த்த திருப்புளி கடைசித் திருகாணியின் வெட்டில் சரியாக உட்கார்ந்து, அரைச் சுற்று திரும்பி நின்றது.

"எட்டு நிமிஷம்!" என்று கத்தினேன். "பலூன்காரரவிட ரெண்டு நிமிஷம் முன்னாடிங்கப்பா! ஊட்டிக்காரர ஜெயிச்சிட்டீங்க!"

உள்ளே அம்மா ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். அப்பா சாக்கின் மேலிருந்த கருவிகளை எண்ணினார். பதினேழு.

வெளிச்சம் போவதற்குள் பரீட்சை. காலி பால் கவரை ஊதிக் கட்டிக் கொடியில் தொங்கவிட்டோம். அப்பா பின்னாலிருந்து துப்பாக்கியையும் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் முகவாய் என் தலைமேல் இருந்தது. "மூச்சைப் புடிச்சுக்கோ," என்றார். அவரும் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு முட்டியதால் நானே சுட்டுவிட்டேன்.

பால் கவர் பத்திரமாகத் தொங்கியது. அதற்கு இரண்டடி தள்ளிக் காய்ந்த மாமாவின் பனியனில், நெஞ்சுக்கு நேராக ஒரு ஓட்டை.

"அய்யோ, அது எக்ஸ்போர்ட் பீஸுங்க!" என்று மாமா ஓடினார்.

"நல்லவேளை, உள்ள நீ இல்ல மாப்ள," என்றார் அப்பா. அடுப்படியிலிருந்து அம்மா சிரித்த சத்தம் கேட்டது. அந்த வாரம் முழுக்க அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரிப்பு ஒரு மாதிரி நடுவிலேயே உடைந்து இருமலாகிவிட்டது. ஊட்டிச் சளி, ஒரு நாளில் போகாது.

மறுநாள் நான் எழுந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை; ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். துப்பாக்கி கதவோரம் சாய்த்து வைத்திருந்தது. வெறுமனே சாத்தியிருந்த கதவை, இறக்கி அடித்த தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்து நானே திறந்தேன். வாசலில் சாக்கு நாலாக மடித்துக் கிடந்தது. அதன் மேலே தனியாக ஒரு திருப்புளி. நீல வளையம். நுனி கொஞ்சம் கோணல். என்னுடைய தேய்ப்பேதான்.

பதினைந்து வருடத்தில் ஒன்றையும் தொலைக்காத மனிதர், முதல் தடவையாக ஒன்றை விட்டுவிட்டுப் போகிறார்! அதை எடுத்துக்கொண்டு தேயிலைச் சரிவில் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. ரோட்டை அடைந்தபோது பஸ் கிளம்பிவிட்டது. அம்மா ரோட்டோரமாக நின்றிருந்தாள். நான் அவளைத் தாண்டிப் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன், திருப்புளியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு.

"அப்பா! ஒண்ணை உட்டுட்டீங்க! அப்பா, எண்ணிப் பாருங்க!"

வளைவில் பஸ் மெதுவாகத் திரும்பியபோது ஜன்னலில் அப்பாவின் தலை தெரிந்தது. மடியில் கருவிப் பை. என்னையும் என் கையிலிருந்ததையும் பார்த்தார்.

"எண்ணீட்டேன் அம்மணி!" என்று கத்தினார். "பதினேழும் செரியா இருக்குது!"

பஸ் வளைவுக்கு அப்பால் போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு ரோட்டின் நடுவில் நின்று நான் கணக்குப் போட்டேன். பதினேழில் ஒன்று இதோ என் கையில் இருக்கிறது. மிச்சம் பதினாறு. அப்புறம் எப்படிச் சரியாக இருக்கும்? திரும்பி நடந்து வந்து அம்மாவிடம் சொன்னேன்:

"பாவமுங்கம்மா அப்பா. எண்ணக்கூடத் தெரியல."